தருமபுரியில் வாழ்ந்த தாமஸ் மன்றோ

நம் மாவட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் அதியமானையும் ஔவையாரையும் கூறித் தொடங்குவதே வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் நிலமும் மழையும் மனிதரின் வாழ்வை எவ்வாறு அமைக்கின்றன என்று புவியியல் வகுப்பில் படித்தபோது, அந்தப் பாடத்தை நம் ஊர்க் காடு கழனிகளில் சுற்றியே கற்றுக்கொண்ட ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர்தாம் பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னராக விளங்கிய சர் தாமஸ் மன்றோ.

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் மன்றோ பிறந்தார். சிறு வயதில் தட்டம்மை கண்டதால் அவருக்குக் காது சற்று மந்தம். தந்தையார் அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்து வந்த செல்வர். அமெரிக்கர் விடுதலைப் போர் மூண்டதும் அந்த வாணிகம் நொடித்தது. கல்லூரியில் படித்த பிள்ளை கப்பலேறிப் பிழைக்க வேண்டியதாயிற்று. 1780-ஆம் ஆண்டு சென்னையில் வந்திறங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் சேர்ந்தார். எங்கோ அமெரிக்காவில் நடந்த போர் ஒருவரைத் தருமபுரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஹைதர் அலியோடும் பின்னர் திப்பு சுல்தானோடும் நடந்த போர்களில் மன்றோ பணியாற்றினார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு பாராமகால் சீமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகளே அன்றைய பாராமகால். கலெக்டராக வந்த அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் தங்கினார். அவருக்கு உதவியாளரான மன்றோவுக்குத் தருமபுரி கிடைத்தது. வயது முப்பத்தொன்று, கையில் இருந்த வேலை வரி வசூல்.

வரி என்றால் எளிதாகத் தோன்றும். நம் நிலத்தைப் பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். வடமேற்கே ஓசூர்ப் பீடபூமி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு படி இறங்கினால் தருமபுரி. இன்னும் ஒரு படி தொப்பூர்க் கணவாய் வழியாக இறங்கினால் சேலத்துச் சமவெளி. நாம் படிக்கட்டின் நடுப்படியில் உட்கார்ந்திருக்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பொழிந்துவிட்டு, மைசூர்ப் பீடபூமியைக் கடந்து களைத்து வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்றையோ ஜவ்வாது மலையும் சித்தேரி மலையும் வழியில் மறித்துக்கொள்கின்றன. இரண்டு மழையும் உண்டு, இரண்டும் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர்தான். ஆகவே மலைகளில் கோடையில் இலை உதிர்க்கும் காடு, அடிவாரத்தில் முட்புதர், செம்மண் காட்டில் கேழ்வரகு, சாமை, கொள்ளு. மண்ணுக்கு அடியில் பழமையான கடினப் பாறை. அந்தப் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு கிணற்று நீரில் கலந்து பலருடைய பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான், 2013-இல் ஒகேனக்கல் காவிரி நீர் குழாய் வழியே நம் ஊர்களுக்கு வந்தது. மலை, மழை, பல் என்று எவ்வளவு நீண்ட சங்கிலி பாருங்கள்!

இப்படிப்பட்ட நாட்டில் ஓர் ஊருக்கு இவ்வளவு பணம் என்று மொத்தமாக விதித்தால் என்ன ஆகும்? ஏரிக்குக் கீழே இருப்பவன் தப்பித்துக்கொள்வான். மேட்டுக்காட்டுக்காரன் மாட்டை விற்பான். வங்காளத்தில் 1793-இல் ஜமீன்தார்களை ஏற்படுத்தி, என்றைக்கும் மாறாத தொகையாக வரி குறித்துவிட்டார்கள். பாராமகாலிலோ ரீடும் அவருடைய உதவியாளர்களும் வயல் வயலாக அளந்தார்கள். நன்செய், புன்செய், தோட்டம் எனப் பிரித்தார்கள். மண் எப்படி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து வரி குறித்தார்கள். இடையில் எவரும் இல்லாமல் குடியானவரே நேராகச் சர்க்காருக்குச் செலுத்தும் இந்த முறைக்கு ரயத்துவாரி என்று பெயர். எங்கள் தாத்தா வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கும் பட்டாவில் சர்வே எண்ணும் புன்செய் என்ற சொல்லும் இருக்கின்றன. தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியையும் பெரியவர்கள் அறிவார்கள். இவற்றுக்குப் பின்னே இருக்கும் கதைதான் இது.

தருமபுரியில் மன்றோ வீட்டோடு ஒரு தோட்டமும் அமைத்து வளர்த்தார். வேலை முடிந்த நேரங்களில் அங்கே இருப்பதே அவருக்கு இன்பம். ஏழாண்டுகளுக்குப் பின் இவ்வூரை விட்டுப் போக நேர்ந்தபோது, அந்தத் தோட்டத்தைப் பிரிவது பற்றித் தம் வீட்டாருக்கு வருத்தத்துடன் கடிதம் எழுதினார்.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் மன்றோவைக் கன்னடக் கடற்கரையிலுள்ள கனராவுக்கு அனுப்பினார்கள். அது முற்றிலும் வேறு உலகம். இங்கே பெய்வதைப் போல மூன்று மடங்குக்கு மேல் மழை. ஒரு காலை வைத்தால் ஓர் ஆறு. வீடுகள் தெருவாக இல்லாமல் அவரவர் தோப்புக்குள் தனித்தனியே இருக்கும். நீர் வளம் மிக்க அந்த நாட்டில் நிலம் நெடுங்காலமாகக் குடும்பச் சொத்தாக இருந்து, விலைக்கும் போயிற்று. மன்றோவுக்கோ அந்த ஓயாத மழை பிடிக்கவேயில்லை. மாற்றல் கேட்டுக்கொண்டே இருந்தார். வறண்ட பாராமகாலுக்காக ஏங்கிய வெள்ளைக்காரர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

1800-இல் அவர் விரும்பிய வறண்ட நிலமே கிடைத்தது. ஹைதராபாத் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பைப் பகுதிகளில் ஏழாண்டு பணியாற்றினார். ஆண்டின் பெரும்பகுதி கூடாரத்திலேயே கழிந்தது. தருமபுரியில் கற்ற முறையை அங்கே பெரிய அளவில் நடத்தினார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை எழுதியவள் ஆகமாட்டேன். வயல் வயலாக அளந்தது நியாயமே. ஆனால் விதித்த வரி அதிகம். வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் ஜமாபந்தியில் தள்ளுபடி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கடன்தான். பஞ்சத்தின் சுமை குடியானவரின் தலையில் விழுந்தது. இதை மன்றோவும் உணர்ந்தார். 1807-இல் ஊர் திரும்புமுன், நிலவரியில் நூற்றுக்கு 25 பங்கு குறைக்க வேண்டும் என்றும், கிணறு வெட்டிக் கவலை இறைத்துப் பயிர் செய்யும் நிலத்துக்கு இன்னும் 8 பங்கு சேர்த்துக் குறைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். தண்ணீருக்காகக் குடியானவர் படும் பாட்டுக்கு வரி கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கம்பெனியார் இணங்கவில்லை. 1820-இல் அவரே கவர்னரான பிறகுதான் அது நடந்தது. இடையில் பதின்மூன்று ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அந்தப் பணத்தைக் கட்டியவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்குள் சேலம், பாராமகால் பகுதிகளிலும் வங்காளத்தைப் பின்பற்றி மிட்டாக்களை ஏலம் விட்டிருந்தார்கள். மிட்டாதாரர் பலர் பணம் கட்ட இயலாமல் நொடித்துப் போனார்கள். மன்றோ கவர்னரானதும் ரயத்துவாரியே மாகாணத்தின் பொதுமுறையாயிற்று. ஊர்ப் பள்ளிகள் எத்தனை, அவற்றில் படிப்போர் எத்தனை பேர் என்று 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னவரும் அவரே. அந்தக் கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே என்பதையும் தோழியர் அறிய வேண்டும்.

1826-இல் அவருடைய மனைவி, நோயுற்ற கைக்குழந்தையுடன் இங்கிலாந்து சென்றார். பதவியை ஒப்படைத்துவிட்டுப் பின்னே போக வேண்டியவர் மன்றோ. அதற்குமுன் தாம் பழகிய வறண்ட மாவட்டங்களை ஒருமுறை பார்த்துவர எண்ணி 1827 கோடையில் புறப்பட்டார். வழியில் கூடாரத்தில் காலரா கண்டது. அந்நோய் நீரின் வழியே பரவுகிறது என்று அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. ஜூலை 6-ஆம் நாள் காலையில் நோய் கண்டவர், கர்நூலைச் சேர்ந்த பத்திகொண்டாவில் அன்றிரவே இறந்தார். குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல், 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

சென்னை அண்ணா சாலையில் தீவுத்திடல் அருகே 1839-இல் நிறுவிய அவருடைய சிலை இன்றும் இருக்கிறது. குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. போன விடுமுறையில் பேருந்திலிருந்து அதைப் பார்த்த என் தம்பி, இந்தத் தாத்தா கீழே விழமாட்டாரா என்று கேட்டான். இவர் நம் ஊர்க்காரர் என்று சொன்னேன், அவன் நம்பவில்லை.