நிறைமாதத்தில் ஹிஜ்ரத் செய்த அன்னை அஸ்மா (ரலி)

பேறுகாலம் நெருங்கிவிட்ட பெண்ணை நெடுந்தூரப் பயணத்திற்கு அனுப்ப எந்தக் குடும்பத்துப் பெரியவர்களும் இசையமாட்டார்கள். அடுத்த தெருவுக்குப் போவதானாலும் துணைக்கு ஒருவர் வேண்டும் என்பார்கள். ஆனால் நிறைமாதச் சூலுடன், மக்காவிலிருந்து மதீனா வரை ஏறத்தாழ 450 கிலோமீட்டர் பாலைவழியைக் கடந்து வந்தார்கள் ஒரு பெருமாட்டி. அவர்கள்தாம் ஹளரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மூத்த மகளார், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி, ஹளரத் அஸ்மா (ரலி) அவர்கள்.

அஸ்மா (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்திற்கு சுமார் 27 ஆண்டுகளுக்கு முன் மக்காவில் பிறந்தார்கள். இஸ்லாத்தைத் தழுவியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த ஆரம்ப நாட்களிலேயே கலிமா சொன்னவர்கள். நாயகம் (ஸல்) அவர்களின் மாமி மகனும், சுவர்க்கத்தின் நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவருமான ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களை மணந்தார்கள். கணவருடைய கையிலோ பொருள் இல்லை. ஒரு குதிரையும், தண்ணீர் சுமக்கும் ஓர் ஒட்டகமுமே அவர்களுடைய சொத்து.

நாயகம் (ஸல்) அவர்களும் ஸித்தீக் (ரலி) அவர்களும் கி.பி. 622-ல் மக்காவைவிட்டுப் புறப்பட்டபோது, வழிப்பயணத்திற்கு உணவு கட்டிக் கொடுத்தவர்கள் அஸ்மா (ரலி) அவர்களே. உணவுப் பையையும் தண்ணீர்த் துருத்தியையும் கட்டக் கயிறு இல்லை. உடனே தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்து, அவற்றைக் கட்டினார்கள். ‘தாத்துந் நிதாகைன்’, அதாவது இரு கச்சைகளுக்கு உரியவர் என்ற சிறப்புப் பெயர் இதனால்தான் அவர்களுக்கு வந்தது. மறுபக்கம் அபூஜஹ்ல் வாசலுக்கு வந்து தந்தை எங்கே என்று மிரட்டினான். அவர்கள் வாய் திறக்கவில்லை. அவன் அறைந்த அறையில் காதணி தெறித்து விழுந்தது. அப்போதும் இரகசியம் வெளிவரவில்லை.

வீட்டிலிருந்த பணம் முழுவதையும் தந்தை தம்மோடு எடுத்துச் சென்றிருந்தார்கள். கண்பார்வை இழந்த பாட்டனார் அபூகுஹாஃபா, பிள்ளைகளை மகன் வெறுங்கையாய் விட்டுச் சென்றுவிட்டாரோ என்று வருந்தினார். அஸ்மா (ரலி) அவர்கள் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை அடுக்கி, மேலே துணியை மூடி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மீது வைத்தார்கள். முதியவரின் மனம் ஆறியது. தன் கவலையைத் தன்னோடு வைத்துக்கொண்டு பிறர் கவலையைத் தீர்க்கும் குணம் அன்றே அவர்களிடம் இருந்தது.

சில மாதங்களில் ஸித்தீக் (ரலி) அவர்களின் குடும்பத்தாருக்கும் மதீனா செல்ல வழி பிறந்தது. சகோதரர் அப்துல்லாஹ் அழைத்துச் செல்ல, சிற்றன்னை உம்மு ரூமான் (ரலி), தங்கை ஆயிஷா (ரலி) ஆகியோருடன் அஸ்மா (ரலி) அவர்களும் புறப்பட்டார்கள். அப்போதுதான் அவர்களுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள்! பகலில் கொதிக்கும் வெயில், இரவில் குளிர். சாய்ந்து படுக்க இடமில்லை. நடுவழியில் வலி கண்டால் ஒதுங்க ஒரு கூரையும் இல்லை. எனினும் பயணம் நிற்கவில்லை. மதீனாவின் எல்லையிலுள்ள குபாவை அடைந்து அங்கே தங்கினார்கள். அங்கேயே ஆண் குழந்தை பிறந்தது.

இந்தப் பிறப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. முஹாஜிர்களுக்கு இனிக் குழந்தையே பிறக்காதபடி சூனியம் செய்துவிட்டார்கள் என்று மதீனாவில் ஒரு பேச்சு பரவியிருந்தது. ஊரைவிட்டு, உறவைவிட்டு வந்த மக்களின் நெஞ்சில் அது எத்தகைய சுமையாய் இருந்திருக்கும்! கருவைச் சுமந்துகொண்டிருந்த ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்! அல்லாஹ்வின் நாட்டத்திற்கு முன் எந்தச் சூனியக்காரனின் வாய்ச்சொல்லும் நிற்காது என்பதற்குக் குபாவில் எழுந்த அந்தப் பச்சிளங் குழந்தையின் அழுகையே சாட்சியாயிற்று. மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அதுவே. முஸ்லிம்கள் மகிழ்ச்சி தாளாமல் தக்பீர் முழங்கினார்கள்.

தாய் குழந்தையை எடுத்துச் சென்று நாயகம் (ஸல்) அவர்களின் மடியில் கிடத்தினார்கள். பெருமானார் ஒரு பேரீச்சம்பழத்தைத் தருவித்து, மென்று குழைத்து, குழந்தையின் வாயில் வைத்து மேலண்ணத்தில் தடவினார்கள். அக்குழந்தையின் வயிற்றில் முதலாவதாகச் சென்றது அண்ணலாரின் உமிழ்நீரே. பரக்கத் வேண்டி துஆச் செய்து, அப்துல்லாஹ் என்று பெயரும் சூட்டினார்கள். நம் வீடுகளில் தஹ்னீக் என்னும் ஸுன்னத்தை நிறைவேற்றுவோர் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ளட்டும். ஸாலிஹானவர் ஒருவரைக் கொண்டு, தூய்மையான முறையில், நாவில் இனிப்புப் படும் அளவே தடவினால் போதும். மருத்துவரின் யோசனையையும் கேட்டுக்கொள்வது நலம். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்று இன்றைய மருத்துவம் எச்சரிப்பதையும் பெரியவர்கள் மறக்கவேண்டாம்.

இக்குழந்தையால் இன்னோர் உள்ளமும் குளிர்ந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. தோழியர் எல்லோரும் பிள்ளையின் பெயரால் அழைக்கப்பட, தமக்கு மட்டும் அப்படியொரு பெயர் இல்லையே என்று அன்னை அவர்கள் முறையிட்டபோது, சகோதரியின் மகன் பெயரால் உம்மு அப்தில்லாஹ் என்று வைத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். குழந்தை இல்லாத பெண்ணைச் சொல்லால் குத்தும் மாமியார்களும் நாத்தனார்களும் இதில் பாடம் பெறவேண்டும்.

மதீனாவில் அஸ்மா (ரலி) அவர்களின் வாழ்வு சுகபோகமாய் இருக்கவில்லை. குதிரைக்குத் தீனி போடுவதும், தண்ணீர் இறைப்பதும், தோல் துருத்தியைத் தைப்பதும், மாவு பிசைவதும் அவர்களே. ரொட்டி சுடுவதில் தேர்ச்சி இல்லாததால் அண்டையிலிருந்த அன்ஸாரிப் பெண்மணிகள் சுட்டுக் கொடுத்தார்கள். கணவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்திருந்த நிலத்திலிருந்து, சுமார் இரண்டு மைல் தூரம், பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். மகளின் பாட்டைக் கண்ட தந்தை, குதிரையைப் பராமரிக்க ஒரு பணியாளை அனுப்பினார்கள். தம்மை அடிமைத்தளையிலிருந்து விடுவித்தது போலிருந்ததாக அஸ்மா (ரலி) அவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். 

ஆண்மக்களே! இவர்கள் நிறைமாதத்தில் பயணம் செய்தது அன்றைய ஹிஜ்ரத் கடமைக்காக. அதைக் காட்டிக் கருவுற்ற மனைவியை வேலையில் வாட்டுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. ஸித்தீக் (ரலி) அவர்கள் செய்ததைப் பாருங்கள். சுமையைக் குறைக்க வழி தேடினார்கள். மாதந்தோறும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், பிரசவத்திற்கு நல்ல மருத்துவமனையை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதும், சத்துள்ள உணவு கொடுப்பதும் தவக்குலுக்கு மாறானவை அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல்.

குபாவில் பிறந்த மகன் அந்தத் தாயின் மடியிலேயே வளர்ந்தார். ஏழெட்டு வயதில் நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்ய வந்து நின்றார். பெருமானார் புன்னகையுடன் ஏற்றார்கள். தொழுகையிலும் நோன்பிலும் வீரத்திலும் பெயர் பெற்ற அவர், ஹிஜ்ரி 64-ல் மக்காவில் கலீஃபாவாக பைஅத் பெற்றார். கஃபாவைப் புதுப்பித்துக் கட்டினார். அஸ்மா (ரலி) அவர்களின் இன்னொரு மகனார் உர்வா அவர்களோ, மதீனாவின் ஏழு ஃபகீஹ்களில் ஒருவராய் விளங்கினார்கள்.

ஹிஜ்ரி 73-ல் (கி.பி. 692) ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டது. உடனிருந்தோர் பலர் விலகிப் போயினர். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் தாயிடம் யோசனை கேட்க வந்தார்கள். தாய்க்கு அப்போது ஏறத்தாழ 100 வயது, கண்பார்வை போயிருந்தது. சத்தியத்தில் இருப்பதாக உறுதியாய் நம்பினால் அதன்மீதே நிலைத்திருக்கும்படி மகனுக்குச் சொன்னார்கள். இறந்தபின் தம் உடலைச் சிதைப்பார்கள் என்று மகன் அஞ்சியபோது, அறுக்கப்பட்ட ஆட்டுக்குத் தோலை உரிப்பதால் வலி இல்லை என்று தைரியமூட்டி அனுப்பினார்கள். மகன் ஷஹீதானார். எதிர்ப்படையினர் தக்பீர் முழங்கினார்கள். அதைக் கேட்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், இவர் பிறந்தபோது தக்பீர் சொன்னவர்கள் இவர் இறந்தபோது தக்பீர் சொல்பவர்களைவிடச் சிறந்தவர்கள் என்று கூறினார்கள்.

மகனின் உடலைத் தொங்கவிட்ட ஹஜ்ஜாஜ் தாயைத் தன்னிடம் வரும்படி ஆளனுப்பினான். அவர்கள் போகவில்லை. அவனே வந்தான். தகீஃப் கூட்டத்தில் ஒரு பொய்யனும் ஒரு நாசக்காரனும் தோன்றுவர் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்ததை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்து, அந்த நாசக்காரன் அவனே என்று கூறினார்கள். பதில் சொல்ல இயலாமல் அவன் எழுந்து போனான். சில நாட்களில் அன்னையும் வஃபாத்தானார்கள்.

ஒரே மகனுக்காக இரண்டு தக்பீர்களைக் கேட்ட தாய் அவர்கள். முதல் தக்பீரில் கர்வம் கொள்ளவில்லை. இரண்டாம் தக்பீரில் கலங்கி நிற்கவில்லை. சூலுற்ற சகோதரிகளே! ஊரார் சொல்லும் பயமுறுத்தல்களுக்குச் செவி கொடுக்காதீர்கள். குபாவில் அந்தத் தாயைக் காத்த ரப்பே உங்களையும் காப்பவன். பிள்ளையைப் பெறுவதோடு தாயின் கடமை முடிவதில்லை. அதை ஸாலிஹாக வளர்ப்பதில்தான் தொடர்கிறது.

நம் பெண்மக்களுக்கு எளிதான பிரசவத்தையும், கண்குளிர்ச்சியான ஸாலிஹான சந்ததியையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.