பொருள் துறந்து பொருள் தேடியவர்

தமிழில் பொருள் என்னும் சொல் செல்வத்தைக் குறிக்கும். கண்ணால் காணும் பண்டத்தைக் குறிக்கும். சொல் உணர்த்தும் கருத்தையும் குறிக்கும். இம்மூன்றனுள் முதலாவதைத் துறந்து, மூன்றாவதைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர் மெய்யியல் அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன்.

எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தில், 1889ஆம் ஆண்டு வியன்னாவில் அவர் பிறந்தார். மான்செஸ்டரில் வானூர்திப் பொறியியல் பயின்றபோது கணிதத்தின் அடிப்படை பற்றிய வினாக்கள் அவரை ஈர்த்தன. 1911இல் கேம்பிரிட்ஜ் சென்று, பெர்ட்ரண்டு ரசலிடம் தருக்கவியல் கற்றார்.

முதல் உலகப்போரில் ஆஸ்திரியப் படையில் பணியாற்றியபோதும் அவர் தம் சிந்தனைகளைக் குறிப்பேட்டில் எழுதிவந்தார். பாரிஸ் நீதிமன்றத்தில் வாகன விபத்தொன்றைப் பொம்மைகளைக் கொண்டு விளக்கிய செய்தி அவர் கருத்தைக் கவர்ந்தது. பொம்மை வண்டியைக் குறிப்பதுபோலப் பெயர் பண்டத்தைக் குறிக்கிறது. பொம்மைகளின் அமைப்பு விபத்தைக் காட்டுவதுபோல வாக்கியம் உலக நிகழ்வைக் காட்டுகிறது என்று முடிவு செய்தார். இக்கருத்தை விளக்கும் அவரது நூல் 1921இல் வெளிவந்தது.

மெய்யியலின் சிக்கல்கள் தீர்ந்தன என நம்பிய அவர், தமக்குரிய செல்வத்தை உடன்பிறந்தாருக்கு அளித்துவிட்டு, 1920இல் ஆஸ்திரியச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். மாணவர்களுக்காகச் சொல்லகராதி ஒன்றையும் தொகுத்தார். ஆயினும் அவர்களைக் கடுமையாகத் தண்டித்தார். 1926இல் பணியிலிருந்து விலகினார்.

1929இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியபின் தம் பழைய முடிவையே அவர் ஐயுற்றார். கட்டடம் கட்டுமிடத்தில் கொத்தனார் கற்பலகை என்று குரல் கொடுக்கிறார். உதவியாளர் அதை எடுத்து வருகிறார். அங்கே அச்சொல் பண்டத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை. ஒரு வேலையை நடத்துகிறது. விளையாட்டு என்னும் பெயர் பெற்ற அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பும் இல்லை. ஆதலால், பெரும்பாலான இடங்களில் சொல்லின் பொருள் அதன் பயன்பாடே என்றார்.

தவற்றை ஒப்புக்கொள்ள அவர் தயங்கியதில்லை. பல்லாண்டு கழித்து, தாம் தண்டித்த மாணவர் சிலரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். 1945இல் எழுதிய முன்னுரையில், உலகம் போற்றிய தம் முதல் நூலில் பெரும்பிழைகள் உள்ளதாகத் தாமே அறிவித்தார். 1951இல் அவர் மறைந்தார். அம்முன்னுரையைத் தாங்கிய நூல் 1953இல் வெளியாயிற்று.

பொருள் என்னும் தமிழ்ச்சொல் செல்வத்தைக் குறிக்கிறதா, பண்டத்தையா, கருத்தையா என்பதை அது வழங்கும் இடமே தெளிவாக்குகிறது. தம் முதல் முடிவைத் தாமே கைவிட்ட பின்னரே விட்கென்ஸ்டைன் இவ்வுண்மையைக் கண்டடைந்தார்.