செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர்

பஞ்சமி நிலம் என்று நம் பெரியோர் சொல்லும்போதெல்லாம் உடன் நினைக்கத்தக்க பெயர் ஒன்று உண்டு. ஜேம்ஸ் ஹென்றி அப்பர்லி திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1853-ஆம் ஆண்டு பிறந்து 1912-ஆம் ஆண்டு மறைந்தவர். 1891-இல் செங்கற்பட்டு ஜில்லாவின் பொறுப்புக் கலெக்டராக விளங்கியவர். நாம் வாழும் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் அந்நாளில் அந்த ஜில்லாவிலேயே அடங்கியிருந்தன.

ஆற்காட்டு நவாபு 1763-இல் கும்பினியாருக்கு ஜாகீராக வழங்கிய சீமை அது. திருவிதாங்கூர், புதுக்கோட்டை போன்ற சமஸ்தானங்களை மன்னர் வாயிலாக ஆண்ட வெள்ளையர், இங்கே கலெக்டரையும் தாசில்தாரையும் அமர்த்தித் தாமே நேராக ஆண்டனர். இடையில் ஜமீன்தார் எவருமின்றிச் சர்க்கார் உழவனிடமே வரி பெறுவதுதான் தாமஸ் மன்றோ வளர்த்த இரயத்துவாரி முறையின் கருத்து. ஆயினும், உழவன் என்று ஏட்டில் பதியப்பெற்றவர் பட்டாதாரரே. சேற்றில் இறங்கி உழுத படியாளின் பெயர் அவ்வேட்டில் ஏறவில்லை. நேர் ஆட்சி ஊர்த்தெரு வரை வந்து, சேரியின் எல்லையில் நின்றுவிட்டது.

செங்கற்பட்டுச் சீமையில் மிராசு உரிமை ஆழ வேரூன்றியிருந்தது. தரிசு நிலம் வேண்டி நம்மவர் தர்க்காஸ்து மனுக் கொடுத்தால், அந்நிலத்தின்மேல் முன்னுரிமை மிராசுதாரருக்கே வழங்கப்பட்டது. குடிசை நின்ற மனையும் தமதே என்று அவர்கள் உரிமை கொண்டாடினர். எதிர்த்துப் பேசினால் இருக்க இடமின்றிப் போகுமே என்னும் அச்சம் நம் மக்களின் வாயை அடைத்தது. பட்ட கடனோ அவர்களைப் படியாளாய்க் கட்டிவைத்தது.

ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய பாதிரிமார் இக்குறைகளைப் பொதுவில் எடுத்துரைத்து வந்த காலம் அது. திரமென்ஹீர் தம் ஜில்லாவில் பறையர் மக்கள் வாழ்ந்த நிலையை ஆராய்ந்து, 1891-இல் விரிவான அறிக்கை ஒன்றை மேலிடத்திற்கு அனுப்பினார். குடிமனை உரிமை, சாகுபடிக்கு நிலம், கல்வி ஆகியவற்றை அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ரெவின்யூ போர்டார் பலவாறு தடை கூறினர். சென்னை அரசாங்கம் அனைத்தையும் ஏற்கவில்லை. எனினும், 30-9-1892 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணை பிறந்து, நிலம் வழங்க வழி திறந்தது.

அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு எவருக்கும் கைமாற்றலாகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கொடுக்கலாம் என விதி வகுக்கப்பட்டது. இருந்தும், அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 1994-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தின்போது, காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் இருவர் உயிர் நீத்தனர்.

திரமென்ஹீர் அந்நிய அரசின் ஊழியர்தாம். அவ்வரசு வரி வாங்க வந்ததேயன்றி நம்மை வாழ்விக்க வந்ததன்று. ஆயினும், தம் கையில் இருந்த அதிகாரத்தைக் கொண்டு, ஏட்டில் இல்லாத மக்களை ஏட்டில் ஏற்ற முயன்றார்; அதற்காக அவருக்கு நாம் நன்றியுடையோம். எனினும், அரசாணை பிறந்தால் மட்டும் போதாது. அதனைப் படித்தறியும் கண்ணும், பட்டாவைக் காத்து நிற்கும் துணிவும் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டும் வாய்க்கவே கல்விச் சங்கம் கண்டோம். வெள்ளி விழாக் காணும் இந்நாளில், வீட்டுப் பெட்டியில் உறங்கும் பழைய பத்திரங்களை எடுத்து, அவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்வோமாக.