ஜோன் உடுத்திய உடை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில், கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா முடிந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். முதல் நாள் இரவு அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டவர்கள், அன்று காலை அதை அறுத்து, வளையல் உடைத்து, வெண்ணிறச் சேலைக்கு மாறியிருந்தார்கள். அருகில் அமர்ந்திருந்த திருநங்கை ஒருவர் கல்லூரியில் வரலாறு படிப்பவர். பேச்சினிடையே, ஜோன் ஆஃப் ஆர்க் திருநம்பிதானா என்று கேட்டார். அப்போது என்னால் சரியாக விடை சொல்ல இயலவில்லை.

பிரான்சின் தோம்ரெமி என்னும் சிற்றூரில், 1412 வாக்கில், உழவர் குடியில் பிறந்தவர் ஜோன். பதின்மூன்று வயதளவில் புனிதர்களின் குரல்கள் கேட்கத் தொடங்கின. கன்னியாகவே இருப்பதென்று நோன்பு பூண்டார். திருமண வாக்கை மீறியதாக ஒருவர் தொடுத்த வழக்கைத் தூல் நகரத்துத் திருச்சபை நீதிமன்றத்தில் தாமே எதிர்கொண்டு வென்றார். 1429 பிப்ரவரியில் தலைமுடியைக் குறைத்து, ஆணுடை தரித்து, இளவரசர் சார்லஸைக் காணக் குதிரை ஏறினார். மே 8 அன்று ஓர்லியான் முற்றுகை விலகியது. ஜூலை 17 அன்று ரேம்ஸ் பேராலயத்தில் சார்லஸ் முடிசூடினார். இவ்வளவுக்கும் ஐந்து மாதங்களே ஆயின.

அவரை நம்புவதற்கு முன் அரசவை இரண்டு சோதனைகள் நடத்தியது. புவாத்தியே நகரில் இறையியலாளர்கள் அவரது சமய நம்பிக்கையை ஆராய்ந்தார்கள். அரச குடும்பத்துப் பெண்களின் மேற்பார்வையில் அவர் கன்னியா என்று உடலும் ஆராயப்பட்டது. படை நடத்த வந்த ஆண் எவருக்கும் இந்த இரண்டாவது சோதனை இருந்ததில்லை.

1430 மே 23 அன்று கொம்பியேனில் பிடிபட்டு, பத்தாயிரம் லிவருக்கு ஆங்கிலேயரிடம் விற்கப்பட்டார். ரூவானில் ஆயர் பியர் கோஷோன் தலைமையில் நடந்த விசாரணையில் அவரது உடை மீண்டும் மீண்டும் பேசப்பட்டது. படைவீரர்களுக்கு நடுவே தற்காப்புக்காகவே ஆணுடை அணிந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். மேற்சட்டையோடு கயிறுகளால் இறுகப் பிணைத்த காற்சட்டை சிறையில் காவலாகவும் இருந்திருக்கும். ஆயினும் அது முழு விடை அன்று. பெண்ணுடை அணிந்தால் திருப்பலியில் பங்கேற்கலாம் என்று நீதிபதிகள் ஆசை காட்டியபோதும் அவர் இணங்கவில்லை. இறைப்பற்றே உயிராக வாழ்ந்தவர் நற்கருணையையே இழக்கத் துணிந்தார் என்றால், அவருக்கு அவ்வுடை வெறும் கவசமாக இருந்திருக்க முடியாது. கடவுளின் ஆணையால் அணிந்ததாகவே அவர் சொல்லிவந்தார்.

அப்படியானால் திருநம்பியா? 1996-இல் லெஸ்லி ஃபைன்பெர்க் எழுதிய நூல் அவரைப் பால் எல்லை கடந்த போராளிகளின் வரிசையில் வைத்தது. 2022-இல் லண்டன் குளோப் அரங்கின் நாடகமொன்று அவரை ஆண், பெண் சுட்டாத பன்மைப் பெயரால் அழைத்ததற்குப் பெரும் சர்ச்சை எழுந்தது. (தமிழில் இக்கட்டுரை முழுவதும் ‘அவர்’ என்று எழுதிவிட்டேன், யாரும் சர்ச்சை செய்யப்போவதில்லை.) ஆனால் ஜோன் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘கன்னி’ என்பது, அது பெண்பாற் சொல். நூல் நூற்பதிலும் தையலிலும் ரூவான் பெண்கள் எவருக்கும் தாம் இளைத்தவரல்லர் என்று அதே நீதிமன்றத்தில் பெருமைப்பட்டவரும் அவரே. தங்குமிடங்களில் பெண்களோடு உறங்கியதைக் கொண்டு பெண்களை விரும்பியவர் என்பாரும் உண்டு. படுக்கையைப் பகிர்வது அக்காலத்துச் சாதாரண வழக்கம். அதை வைத்து ஆசையை அளக்க இயலாது. காரைக்கால் அம்மையார் அழகுடலை உதறிப் பேயுருக் கேட்டதைப் படித்து வளர்ந்த நமக்கு, ஆண் பெண் என்னும் வழக்கமான வாழ்வை இறைவன்பொருட்டு விட்டு நீங்கும் ஒருவரைப் புரிந்துகொள்வது அத்தனை கடினமன்று. ஜோன் தம்மைப் பெண்ணென்றே கருதினார். பெண்ணுக்கு விதித்த வாழ்வை மட்டும் ஏற்கவில்லை. இதுவே என் வாசிப்பு.

1431 மே 24 அன்று, தீக்கு அஞ்சிப் பெண்ணுடைக்கு உடன்பட்டார். நான்கே நாளில் மீண்டும் ஆணுடையில் காணப்பட்டார். ஆண்களிடையே இருக்கும்வரை அதுவே தகும் என்றும், தமக்கு அளித்த வாக்குறுதிகள் காக்கப்படவில்லை என்றும் காரணம் கூறினார். மே 30 அன்று எரிக்கப்பட்டார். வயது பத்தொன்பது இருக்கலாம். 1456-இல் அத்தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1920-இல் அவர் புனிதரானார்.

பேருந்தில் என்னிடம் கேட்ட மாணவியின் மடியில் ஒரு கோப்பு இருந்தது. அடையாளச் சான்றுக்காக மாவட்ட ஆட்சியருக்கு எழுதிய விண்ணப்பம் அதில் இருந்தது. அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ ஆட்சியரின் சான்றிதழைக் கேட்டது. ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்ள, அறுவைச் சிகிச்சை நடந்ததற்கு மருத்துவ அலுவலரின் சான்றையும் கேட்டது. மேற்கே கல்வராயன் மலை இருளத் தொடங்கிய வேளையில் அவர் இறங்கிப் போனார்.

பின்னர் படித்த ஒரு செய்தியை அவரிடம் சொல்ல வாய்ப்புக் கிட்டவில்லை. அக்காலப் பாரிஸ்வாசி ஒருவரின் நாட்குறிப்பில் உள்ளது அது. ஜோனின் உயிர் போய், ஆடை எரிந்து தீர்ந்ததும், விறகை விலக்கித் தீயைத் தணித்தார்களாம். அவர் பெண்தான் என்பதில் எவருக்கும் ஐயம் எஞ்சாதிருக்க, அவ்வுடலைக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். எல்லோரும் பார்த்து முடித்த பின் நெருப்பை மறுபடி மூட்டினார்கள்.