மலை உச்சியில் கேட்ட மூன்று தட்டு

1901-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி.

வட அமெரிக்காவின் கிழக்குக் கோடியில் உள்ளது நியூபவுண்ட்லாந்து தீவு. அங்கே, செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை ஒட்டி ஒரு குன்று. அதற்கு 'சிக்னல் குன்று' என்று பெயர்.

கடுங்குளிர். பேய்க்காற்று. குன்றின் மேல் இருந்த ஒரு பழைய கட்டிடத்துக்குள், 27 வயது வாலிபர் ஒருவர் டெலிபோன் குழாயைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் இருந்த கருவியில் இருந்து ஒரு கம்பி ஜன்னல் வழியாக வெளியே சென்றது. அதன் மறுமுனையை வானத்தில் பறந்த ஒரு பட்டம் பிடித்துக்கொண்டிருந்தது!

அந்த வாலிபர்தான் மார்க்கோனி. கம்பியில்லாத் தந்தியை உலகம் முழுவதும் பரப்பியவர்.

இன்று ஹாம் ரேடியோக்காரர்கள் பெட்டியையும் பாட்டரியையும் சுமந்துகொண்டு மலை ஏறுகிறார்கள். உச்சியில் ஏரியலை நிறுத்தி, போட்டி போட்டுத் தொலைதூர நிலையங்களைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி இவரே.

மணி ஒலித்தது

மார்க்கோனி 1874-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி இத்தாலியில் உள்ள பொலோனா நகரில் பிறந்தார். தந்தை பணக்கார நிலச்சுவான்தார். தாயார் ஆனி, அயர்லாந்து தேசத்துப் பெண்மணி.

மார்க்கோனிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் மின்சாரத்தின் மேல் அவருக்குத் தீராத ஆசை. ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின் அலைகள் இருப்பதை 1888-ல் நிரூபித்திருந்தார். அந்த அலைகளைக் கொண்டு செய்தி அனுப்பினால் என்ன என்று மார்க்கோனி யோசித்தார்.

வீட்டின் மேல் மாடி அவருடைய ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தாயார் தட்டிக்கொடுத்தார்.

ஒருநாள் இரவு மார்க்கோனி தாயாரை எழுப்பி மாடிக்கு அழைத்துச் சென்றார். ஒரு பொத்தானை அழுத்தினார். அறையின் மறுகோடியில் மணி ஒலித்தது. நடுவே கம்பி எதுவும் இல்லை!

துப்பாக்கி வெடித்தது

1895-ல் கருவிகள் தோட்டத்துக்கு வந்தன. மார்க்கோனி கம்பியின் ஒரு முனையை உயரத்தில் கட்டினார். மறு முனையை மண்ணில் புதைத்தார். உடனே அலைகள் முன்னைவிட வெகு தூரம் போயின. ஏரியலை உயர்த்த உயர்த்த தூரமும் கூடியது.

குன்றுக்கு அப்பாலும் அலை போகுமா? அண்ணன் அல்போன்சோவைக் கருவியோடு மறுபக்கம் அனுப்பினார். செய்தி வந்தால் துப்பாக்கியால் சுட வேண்டும் என்று ஏற்பாடு. மார்க்கோனி இங்கே சாவியைத் தட்டினார். சற்று நேரத்தில் அங்கே துப்பாக்கி வெடித்தது!

1896-ல் தாயாருடன் இங்கிலாந்து சென்றார். அங்கே தபால் இலாகாவின் தலைமை என்ஜினீயர் பிரீஸ் அவருக்குக் கைகொடுத்தார். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயைத் தாண்டி, சுமார் 14 கிலோ மீட்டர் தூரம் செய்தி சென்றது.

படகில் ஒரு நிலையம்

1898 ஜூலையில் அயர்லாந்தில் பாய்மரப் படகுப் பந்தயம் நடந்தது. பந்தயச் செய்தியை உடனுக்குடன் தரும்படி டப்ளின் பத்திரிகை ஒன்று மார்க்கோனியிடம் கேட்டது.

அவர் ஒரு நீராவிப் படகில் ஏரியலைக் கட்டினார். கருவிகளை ஏற்றிக்கொண்டு பந்தயப் படகுகளின் பின்னாலேயே போனார். படகில் இருந்து செய்தி கரைக்கு வந்தது. கரையில் இருந்து டெலிபோன் மூலம் பத்திரிகைக்குப் போயிற்று. மொத்தம் 700-க்கும் மேற்பட்ட செய்திகள்! படகுகள் கரைக்குத் திரும்பும் முன்பே ஊருக்கெல்லாம் முடிவு தெரிந்துவிட்டது.

புயல் சாய்த்த கம்பங்கள்

அடுத்து மார்க்கோனி அட்லாண்டிக் மகாசமுத்திரத்தையே தாண்ட எண்ணினார். அலைகள் நேர்கோட்டில்தான் போகும், பூமியோ உருண்டை, ஆகவே அது நடக்காது என்று பல விஞ்ஞானிகள் கூறினார்கள்.

மார்க்கோனி கேட்கவில்லை. இங்கிலாந்தில் போல்டு என்ற கடற்கரையில் 20 கம்பங்களை நட்டார். ஒவ்வொன்றும் 60 மீட்டர் உயரம். 1901 செப்டம்பரில் அடித்த புயலில் அத்தனையும் விழுந்தன. அமெரிக்கக் கரையில் நட்ட கம்பங்களும் நவம்பரில் விழுந்தன.

போல்டுவில் அவசரமாகச் சிறிய ஏரியல் ஒன்று போடப்பட்டது. அமெரிக்கக் கரையில் மீண்டும் கம்பம் நட அவகாசம் இல்லை. பலூன்களையும் பட்டங்களையும் எடுத்துக்கொண்டு, கெம்ப், பேஜட் என்ற இரு உதவியாளர்களுடன் மார்க்கோனி கப்பல் ஏறினார். டிசம்பர் 6-ந் தேதி நியூபவுண்ட்லாந்தில் இறங்கினார்.

முதலில் விட்ட பலூனைக் காற்று அறுத்துக்கொண்டு போயிற்று. பட்டம் ஒன்றும் போயிற்று. மற்றொரு பட்டம் 150 மீட்டர் நீளக் கம்பியைத் தூக்கி நின்றது.

3,400 கிலோ மீட்டருக்கு அப்பால், போல்டுவில் 'எஸ்' என்ற எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். தந்தி பாஷையில் அதற்கு மூன்று புள்ளிகள். பகல் 12.30 மணி. 'டிக், டிக், டிக்' என்று மார்க்கோனியின் காதில் மூன்று தட்டு கேட்டது. குழாயைக் கெம்ப்பிடம் நீட்டினார். தமக்கும் கேட்டதாகக் கெம்ப் சொன்னார்.

சாட்சி எங்கே?

உலகம் வியந்தது. கூடவே சந்தேகமும் கிளம்பியது. கேட்டது இரண்டே பேர். இருவரும் ஒரே கட்சி. காகிதத்தில் பதிவு எதுவும் இல்லை. புயல் காலத்து மின்சாரச் சத்தம்கூட அப்படிக் கேட்கலாமே!

மார்க்கோனி வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்ற கப்பலில் ஏறினார். கப்பல் மேற்கே போகப் போக, போல்டுவின் செய்திகளைக் காகித நாடாவில் பதிய வைத்தார். கப்பல் தலைவரும் கண்ணால் கண்டு கையெழுத்துப் போட்டார். சுமார் 2,500 கிலோ மீட்டர் வரை முழுச் செய்தியும் பதிந்தது. 'எஸ்' மட்டும் சுமார் 3,400 கிலோ மீட்டர் வரை வந்தது.

ஆனால் இவை இரவில் கிடைத்தவை. பகலில் 1,100 கிலோ மீட்டருக்கு மேல் எதுவும் வரவில்லை. ஆகவே குன்றின் மேல் நடுப்பகலில் அவர் கேட்டது உண்மையான செய்திதானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அலைகள் கடல் தாண்டும் என்பதில் மட்டும் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. வானத்தின் மேல் அடுக்கு ஒன்று அவற்றைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது என்பது பின்னர் தெரிந்தது.

1909-ல் பிரான் என்ற ஜெர்மன் விஞ்ஞானியுடன் மார்க்கோனி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, கம்பியில்லாத் தந்தி கேட்டு ஓடி வந்த கப்பல் 700-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. 1923-ல் மார்க்கோனி முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். அது அவருடைய பெயரில் படிந்த கறை.

மீண்டும் மலைக்கு

வயதான பின் மார்க்கோனி மிகக் குறுகிய அலைகளின் பக்கம் திரும்பினார். இந்த அலைகளை வானம் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை. அவை ஏறக்குறைய நேராகவே போகும். ஆகவே உயரமான இடம் வேண்டும். 1932-ல் ரோமாபுரிக்கு அருகில் உள்ள ரோக்கா டி பாப்பா மலையில் இருந்து சார்டினியா தீவுக்கு 269 கிலோ மீட்டர் தூரம் பேசிக் காட்டினார். கண் பார்வை எட்டும் தூரத்தைவிட அது அதிகம்.

1937 ஜூலை 20-ந் தேதி ரோமாபுரியில் மார்க்கோனி காலமானார். வயது 63. அவருக்கு அஞ்சலியாக வானொலி நிலையங்கள் 2 நிமிடம் மவுனமாக இருந்தன.

ஹாம் ரேடியோக்காரர்கள் மலை ஏறுவதும் இதனால்தான். வி.எச்.எப். என்னும் அலைகளின் நீளம் 1 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை. இவையும் பெரும்பாலும் நேராகவே போகும். ஐரோப்பாவில் நடக்கும் போட்டிகளில் பொதுவாக ஒரு கிலோ மீட்டருக்கு ஒரு புள்ளி.

ஆனால், 'எனக்குக் கேட்டது' என்று ஒருவர் மட்டும் சொன்னால் போதாது. இருவரும் தங்கள் அடையாளப் பெயர், வரிசை எண், இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு குறிப்பேடுகளும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி கிடையாது. சிக்னல் குன்றில் மார்க்கோனிக்கு இல்லாமல் போன சாட்சி அதுதான்!