பசியைக் கொண்டு தேடியவர்

இரண்டாம் ஆண்டு, நுண்ணுயிரியல்

என் தந்தை கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி. மாலையில் அவர் வருமுன்னே தின்னர் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். அதிலுள்ள டொலுயீன் ஆவியையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் மண்ணில் உண்டு என்பதை, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த நான் இங்குதான் அறிந்தேன். ஆனால் ஒரு பிடி மண்ணில் கோடானு கோடி பாக்டீரியாக்கள்! வேண்டியதைக் கண்டெடுப்பது எங்ஙனம்? அதற்கு வழி வகுத்தவர்களுள் தலையாயவர் மார்டினஸ் பெய்ஜெரிங்க்.

அவர் 1851ஆம் ஆண்டு ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையின் புகையிலை வணிகம் நொடித்தது. உறவினர் ஒருவரின் பொருளுதவியால் டெல்ஃப்ட் நகரில் பயின்றார். 1885இல் அந்நகரின் ஈஸ்ட் ஆலையில் நுண்ணுயிரியல் அறிஞராகச் சேர்ந்தார். அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுப் பாக்டீரியாவை 1888இல் தனித்துப் பிரித்தார். 1895இல் டெல்ஃப்டில் பேராசிரியரானார். 1898இல் புகையிலைத் தேமல் நோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று, வடிகட்டியையும் கடந்து செல்லும் வேறொன்று என நிறுவினார். தந்தையைக் கைவிட்ட புகையிலை மகனுக்குப் புகழ் தந்தது!

அவர் கையாண்ட முறை எளிது. எல்லா உயிர்க்கும் ஏற்ற உணவைத் தராமல், ஒன்றே ஒன்றை மட்டும் தர வேண்டும். அதை உண்ண இயலாதவை அடங்கிவிடும். உண்ண வல்லது பெருகித் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். இதுவே செறிவூட்டு வளர்ப்பு. இம்முறையைப் பின்பற்றி, அவருடைய மாணவர் சோங்கன் 1906இல் மீத்தேன் வாயுவையே உண்டு வளரும் பாக்டீரியாவைக் கண்டார்.

பெய்ஜெரிங்க் மணம் புரியவில்லை. மாணவர்களிடம் கடுஞ்சொல் கூறுபவர். 1921இல் ஓய்வு பெற்று, 1931 சனவரி முதல் நாள் மறைந்தார். ஆயினும் அவர் முறை மறையவில்லை.

சென்ற பருவத்தில் தந்தையின் பட்டறை மண்ணை எடுத்து வந்தேன். உப்புகள் மட்டும் சேர்த்த அகார் தட்டுகளில் பரப்பி, சிலவற்றுக்கு டொலுயீன் ஆவி காட்டினோம், சிலவற்றுக்குக் காட்டவில்லை. ஆவி பட்ட தட்டுகளில் புள்ளிகள் தோன்றியதும் துள்ளினேன். ஆவி படாத தட்டுகளிலும் சில தோன்றியிருந்தன! அகாரில் உள்ள சிறு அழுக்கையே உண்டு வளர்வனவும் உண்டென ஆசிரியர் விளக்கினார். இரண்டையும் ஒப்பிட்டு, ஆவியில் மட்டும் செழித்தவற்றையே பொறுக்கினோம். அவற்றையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

அந்தப் பாக்டீரியா தம் மூச்சைக் காக்குமா என்று தந்தை கேட்டார். பட்டறைக் காற்றை அவை வாழும் படுகை வழியே செலுத்தினால் நஞ்சு குறையும். அதுவரை முகமூடியும் திறந்த சன்னலுமே காவல் என்றேன். மறுநாள் அவர் சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்தார். நான் ஆய்வகத்துக்குச் சென்றேன்.