மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

தென்னார்க்காடு மாவட்டம் என்று முன்னர் வழங்கிய பகுதியில், வங்கக் கடலை அடுத்துக் கடலூர் விளங்குகிறது. அதற்குத் தெற்கே, கூத்தப்பெருமான் கோயில் கொண்ட சிதம்பரம் திகழ்கிறது. இவ்விரண்டு ஊர்களும் இன்று கடலூர் மாவட்டத்தைச் சார்ந்தவை. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். பின்னர் அவ்வூர் ஐரோப்பியர்தம் பகைமைக்கு ஒரு போர்க்களமாயிற்று. 1783ஆம் ஆண்டு சூன் திங்களில், கடலூரைக் காத்து நின்ற பிரெஞ்சுப் படையை ஆங்கிலப் படை முற்றுகையிட்டது. நிலத்திலும் கடலிலும் கடும்போர் மூண்டது. இரு தரத்தாரின் படைகளிலும் இருந்த நம் நாட்டுச் சிப்பாய்கள், தமக்குச் சிறிதும் தொடர்பில்லாத பகைக்காக ஒருவரையொருவர் கொன்று மாண்டனர். போர் நடந்து கொண்டிருக்கையில், ஐரோப்பாவில் அவ்விரு நாட்டினரும் சமாதானத்திற்கு உடன்பட்டு விட்டனர் என்னும் செய்தி வந்தது. அவ்வுடன்பாடு அவ்வாண்டு சனவரித் திங்களிலேயே ஏற்பட்டிருந்தது. சமாதானம் கண்ட பின்னரும் உயிர்கள் வீணே மடிந்தன என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் வருந்துகிறது.

தன் நாட்டுக் கொடி பிறர் மண்ணிலும் பறக்க வேண்டும் என்னும் வேட்கை இத்தகைய அழிவுகளை விளைவித்தது. நாட்டின்மேல் கொள்ளும் அன்பு வேறு. நாட்டின் பெயரால் கொள்ளும் செருக்கு வேறு. முன்னதை நாட்டுப்பற்று என்கிறோம். பின்னதைத் தேசிய வெறி எனல் பொருந்தும். தேசியம் என்னும் சொல்லுக்கு நம் விடுதலைப் போர்க் காலத்தில் உயர்ந்த பொருளே வழங்கிற்று. ஆயினும் அவ்வுணர்ச்சி அளவு கடந்து விடுமாயின், தன் நாடு செய்வன யாவும் நன்றே என்றும், பிற நாட்டார் தம்மினும் தாழ்ந்தவர் என்றும் எண்ணச் செய்யும். நாட்டுப்பற்றோ, தன் நாட்டிற்கு எம்மதிப்பை வேண்டுகிறதோ, அம்மதிப்பைப் பிற நாட்டிற்கும் அளிக்கும். இவ்வேறுபாட்டைத் தம் வாழ்க்கையால் உலகிற்கு உணர்த்திய தமிழர் ஒருவர், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக வீற்றிருந்தார். அவரே மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்.

சாஸ்திரியார், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த குடும்பம் வறுமை நிறைந்தது. ஆயினும் கல்வியில் அவருக்கிருந்த வேட்கையை வறுமையால் தடுக்க இயலவில்லை. கும்பகோணத்தில் பயின்று பட்டம் பெற்ற அவர், மாயூரத்திலும் சேலத்திலும் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். ஆங்கில மொழியில் அவருக்கிருந்த புலமையைக் கண்டு ஆங்கிலேயரே வியந்தனர். இனிமையும் தெளிவும் வாய்ந்த அவருடைய பேச்சுத் திறத்தைப் பாராட்டி, அவரை வெள்ளி நாவினர் என்று மக்கள் வழங்கலாயினர்.

அந்நாளில் கோபாலகிருஷ்ண கோகலே, இந்திய ஊழியர் சங்கம் என்னும் அமைப்பை 1905ஆம் ஆண்டில் பூனாவில் நிறுவியிருந்தார். அச்சங்கத்தில் சேர்வோர் தமக்கெனப் பொருள் ஈட்டுதல் கூடாது. சாதி சமய வேறுபாடின்றி இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதுதல் வேண்டும். இந்நோன்பினை விரும்பி ஏற்ற சாஸ்திரியார், தலைமையாசிரியர் பதவியைத் துறந்து 1907ஆம் ஆண்டில் அச்சங்கத்தில் சேர்ந்தார். 1915ஆம் ஆண்டில் கோகலே மறைந்தபோது, சங்கத்தின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. காந்தியடிகளும் கோகலேயைத் தம் அரசியல் ஆசானாகப் போற்றியவர் என்பதை நாம் அறிவோம். ஒரே ஆசானைப் போற்றிய இவ்விருவரும் வெவ்வேறு வழிகளில் நடந்தனர். ஆயினும் நட்பில் என்றும் பிரிந்தாரல்லர்.

1919ஆம் ஆண்டில், விசாரணையின்றி மக்களைச் சிறையிடுவதற்கு வழிவகுத்த ரௌலட் சட்டத்தை ஆங்கில அரசு கொண்டு வந்தது. அப்போது பேரரசுச் சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்த சாஸ்திரியார், அதனை எதிர்த்து ஆற்றிய உரை நாடெங்கும் புகழ் பெற்றது. எனினும் சட்ட மறுப்பும் ஒத்துழையாமையும் அவருக்கு உடன்பாடானவை அல்ல. பேச்சினாலும் உடன்படிக்கையினாலும் உரிமை பெறுதல் கூடும் என்று நம்பிய மிதவாதிகளோடு அவர் நின்றார்.

1921ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில் அவர் இந்தியாவின் சார்பில் கலந்து கொண்டார். ஆங்கிலப் பேரரசைச் சார்ந்த நாடுகளில் முறைப்படி குடியேறிய இந்தியர்க்குக் குடியுரிமை வழங்க வேண்டும் என்னும் தீர்மானம் அங்கு நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் அதற்கு இசையவில்லை. அவ்வாண்டிலேயே ஜெனிவாவில் சர்வதேச சங்கத்திலும், பின்னர் வாஷிங்டனில் நடந்த கடற்படைக் குறைப்பு மாநாட்டிலும் அவர் இந்தியாவின் குரலாக ஒலித்தார். 1922ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, ஆங்குள்ள இந்தியரின் நிலையைப் பற்றிப் பேசினார்.

அப்பயணத்தில் அவர் வேண்டியது யாது? ஒவ்வொரு நாடும் தன்பால் குடியேறுவோர் யாவர் என்பதை முடிவு செய்யும் உரிமை உடையது. அவ்வுரிமை ஆஸ்திரேலியாவிற்கு உண்டெனின் இந்தியாவிற்கும் உண்டு. ஆனால் ஒரு நாட்டில் முறைப்படி குடியேறி உழைத்து வாழ்வாரை, அவர்தம் நிறத்தை நோக்கித் தாழ்த்துதல் அறமன்று. இதுவே அவர் கொள்கை. தம்மவர்க்கு ஓர் அளவுகோல், பிறர்க்கு ஓர் அளவுகோல் என அவர் வைக்கவில்லை. 1925ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா, அங்கு வாழ்ந்த இந்தியர்க்கு வாக்குரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது.

மென்மையாகப் பேசுவோர் உறுதியில்லாதவர் என்று கருதுதல் பிழையாகும். 1923ஆம் ஆண்டில், கென்யாவில் வாழும் இந்தியர்க்குச் சம உரிமை வேண்டி இலண்டன் சென்ற குழுவிற்குச் சாஸ்திரியார் தலைமை தாங்கினார். அங்கு இந்தியர் எண்ணிக்கை ஐரோப்பியர் எண்ணிக்கையினும் மிகுதி. ஆயினும் ஆங்கில அரசு வெளியிட்ட முடிவில், வளமிக்க மேட்டு நிலங்கள் வெள்ளையர்க்கே ஒதுக்கப்பட்டன. சட்டமன்றத்தில் ஐரோப்பியர்க்கு 11 இடங்களும் இந்தியர்க்கு 5 இடங்களுமே கிடைத்தன. ஆங்கிலேயரின் நீதியில் நெடுநாள் நம்பிக்கை வைத்திருந்த சாஸ்திரியார் அன்று மனம் நொந்தார். இலண்டனை அடுத்த வெம்பிளியில் 1924ஆம் ஆண்டில் நடக்கவிருந்த பேரரசுப் பொருட்காட்சியை இந்தியர் புறக்கணிக்க வேண்டும் என்று அறைகூவினார். அநீதியை அநீதி என்று கூற அவர் அஞ்சவில்லை. எனினும் ஆங்கில மக்களை வெறுக்குமாறு அவர் எவரையும் தூண்டவில்லை. தவற்றை எதிர்த்தல் நாட்டுப்பற்று. தவறிழைத்த நாட்டின் மக்களனைவரையும் பகைத்தல் தேசிய வெறி.

சாஸ்திரியாரின் பணிகளுள் தலைசிறந்தது தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக 1860ஆம் ஆண்டு முதல் தமிழரும் பிறரும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்களை ஒதுக்கி வைப்பதற்குத் தென்னாப்பிரிக்க அரசு சட்டம் செய்ய முனைந்தது. அதனைப் பற்றிப் பேச இந்தியக் குழுவொன்று கேப்டவுன் சென்றது. சாஸ்திரியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். 1927ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, அச்சட்ட முயற்சியை அவ்வரசு கைவிட்டது. அங்குத் தங்கி வாழும் இந்தியரின் கல்வியையும் வாழ்க்கையையும் உயர்த்தவும் உடன்பட்டது. தாயகம் திரும்ப விழைவோர்க்கு உதவி செய்யப்படும் என்றும் முடிவாயிற்று.

அவ்வுடன்படிக்கையை நடைமுறைக்குக் கொண்டு வருவதற்கு இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் அங்குத் தேவைப்பட்டார். காந்தியடிகளின் விருப்பத்திற்கிணங்கச் சாஸ்திரியார் அப்பொறுப்பை ஏற்று, 1927 முதல் 1929 வரை அந்நாட்டில் பணியாற்றினார். நிறவெறி கொண்டோர் அவர் பேசிய கூட்டத்துள் புகுந்து குழப்பம் விளைத்ததும் உண்டு. அவரோ அமைதி இழந்தாரல்லர். வெள்ளையர் கூடிய அவைகளில் இந்தியாவின் நாகரிகத்தையும் இலக்கியத்தையும் பற்றி எடுத்துரைத்தார். இந்தியரின் குறைகளை அவர்கள் உணருமாறு விளக்கினார். ஆங்குள்ள இந்தியரிடம் பொருள் திரட்டி, டர்பன் நகரில் இந்திய மாணவர்க்கென ஓர் உயர்நிலைக் கல்லூரி தோன்றச் செய்தார். 1929ஆம் ஆண்டில் திறக்கப் பெற்ற அந்நிலையம் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர் பெற்றது. அயல்நாட்டில் ஒரு நாட்டின் பெருமையை நிலைநாட்டுவதற்குப் போர்க் கப்பல்களினும் ஒரு கல்விச்சாலை சிறந்தது என்பதற்கு இது சான்றாகும்.

1921ஆம் ஆண்டில் அவருக்கு மன்னரின் ஆலோசனைச் சபை உறுப்பினர் என்னும் தகுதி கிடைத்தது. அதனால் மகாகனம் என்னும் அடைமொழி அவர் பெயரோடு சேர்ந்தது. 1928ஆம் ஆண்டில் அரசு அளிக்க முன்வந்த சர் பட்டத்தை அவர் வேண்டாவென மறுத்து விட்டார்.

சாஸ்திரியார் அண்ணாமலை நகரில் துணைவேந்தராயிருந்த காலத்தும் அயல்நாட்டுப் பணி அவரை விடவில்லை. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவருள் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் நிலையை ஆராயுமாறு இந்திய அரசு வேண்டியதற்கிணங்க, 1936ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலேயா சென்றார். அவர் அளித்த அறிக்கை போதிய கடுமை உடையதன்று என அங்கிருந்த இந்தியத் தலைவர்கள் குறை கூறினர். தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்த வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. இந்திய அரசோ 1938ஆம் ஆண்டில் உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றத்தை நிறுத்தி விட்டது. தம் முடிவுக்கு மாறாக நாடு நடந்தது கண்டும் அவர் சினந்தாரில்லை. நாட்டுப்பற்றுடையார் கூறுவன யாவும் பிழையற்றவை என்று நாம் கொள்ள வேண்டுவதில்லை.

ஆங்கில அரசின் தூதராகச் சென்றவர் உண்மையான நாட்டுப்பற்றுடையவர் ஆவாரா என்று அந்நாளில் பலர் வினவினர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஏனெனில் அதே மாவட்டத்தில், கடலூர்ச் சிறையில் 1918ஆம் ஆண்டில் பாரதியார் அடைபட்டிருந்தார். கடலூரில் பிறந்த அஞ்சலையம்மாள், 1927ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த நீலன் சிலை அகற்றும் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். பின்னரும் பன்முறை சிறைத் துன்பம் ஏற்றார். அத்தகையோரின் தியாகத்தால் விடுதலை விளைந்தது. சாஸ்திரியார் சிறை சென்றவர் அல்லர். ஆயினும் கடல் கடந்து வாழ்ந்த ஏழைத் தொழிலாளரின் மானத்தைக் காக்க அவர் உழைத்த உழைப்பும் நாட்டுப்பணியே. தம் வழியில் வாராதவரை எல்லாம் நாட்டுக்குப் பகைவர் எனத் தூற்றுதல் தேசிய வெறியின் மற்றோர் அடையாளம். காந்தியடிகள் அவ்வாறு தூற்றவில்லை. கொள்கையில் மாறுபட்ட சாஸ்திரியாரைத் தம் உடன்பிறந்தார் போலக் கருதி, அவர் நோயுற்றிருந்த 1946ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் அவரை நேரில் சென்று கண்டார்.

பிற நாட்டாரிடம் சமத்துவம் வேண்டுவோர், முதற்கண் தம் வீட்டில் அதனை நிலைநாட்டுதல் வேண்டும். சிதம்பரத்தில் தாழ்த்தப்பட்ட சிறுவர்க்கெனச் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு தொடங்கி நந்தனார் பெயரால் கல்விப்பணி ஆற்றி வந்தார். டர்பனில் நிறவெறியை எதிர்த்த பணியும் சிதம்பரத்தில் தீண்டாமையை எதிர்த்த பணியும் ஒரே அறத்தின் இரு கிளைகள் அல்லவா? இவ்வறத்தின் எல்லை இன்னும் விரிந்தது. கேப்டவுன் உடன்படிக்கையில் இந்தியரின் குறை மட்டுமே பேசப்பட்டது; அம்மண்ணின் மக்களாகிய ஆப்பிரிக்கரின் உரிமை அதில் இடம் பெறவில்லை. அக்குறையை இன்று நாம் மறைக்க வேண்டுவதில்லை.

1946ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 17ஆம் நாள் சாஸ்திரியார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்கா, இந்தியர்தம் நிலவுரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றியது. அவர் அரிதின் வளர்த்த நல்லுறவு சிதைந்தது. இந்தியாவோ அந்நாட்டின்மேல் படையெடுக்க எண்ணவில்லை; அதனோடு வணிகத்தை நிறுத்தியது. வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றது. 1946ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பொது அவை இந்தியாவின் பக்கம் நின்று தீர்மானம் நிறைவேற்றிற்று. பின்னர் இந்தியா, ஆப்பிரிக்க மக்களின் உரிமைக்காகவும் தொடர்ந்து குரல் கொடுத்தது. 1994ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் அனைவரும் நிற வேறுபாடின்றி வாக்களித்து மக்களாட்சியை அமைத்தனர்.

மாணவர்களே! நம் நாட்டை நாம் உயிரினும் மேலாக நேசித்தல் வேண்டும். அந்நேசம் உண்மையானதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. நமக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டு நாம் வருந்துவது போலவே, பிறர்க்கு நாம் இழைக்கும் அநீதியைக் கண்டும் வருந்துகிறோமா என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும். அவ்வாறு வருந்தும் உள்ளம் உடையோரே நாட்டுப்பற்றுடையோர். அவர்களால் நாடும் உயரும், உலகமும் உய்யும்.